சொல்லச் சொல்ல எழுதிய தோழி

ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. ஆனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தால் வை.மு.கோதைநாயகிக்கு நேரம் போவதே தெரியாது. கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போனார். பார்க்கப் பார்க்க, தானும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று ஆசை வந்தது.

சரளமாக எழுதத்தான் வராதே!

தோழி பட்டம்மாள் கைகொடுத்தார். இவர் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திரமோகனா' நாடகம். கோதைநாயகி, தானே எழுதப் பழகியது அதற்கப்புறம்தான்.

1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, அதற்கு ஆசிரியரும் ஆனார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் பேனா ஓயவில்லை. அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல்.