மகனுக்கு லண்டனில் வீடு பார்த்த கதை

நமது வணிகக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. கல்லாவில் உட்கார ஆள் இல்லையே என்ற குறை ஒருபுறம் இருந்தாலும், "அப்பா, இங்கேயே ஒரு வீடு வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்று பிள்ளை போனில் சொன்னால், கையில் இருப்பதைக் கொடுக்கத்தான் செய்கிறோம். நானும் கொடுத்தேன். மதுரை கீழமாசி வீதியில் 38 வருடம் மளிகை மொத்த வியாபாரம் செய்தவன், 2025ஆம் ஆண்டு கோடையில் லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாமில் மகனோடு வீடு தேடி அலைந்தேன். அங்கே தெரிந்துகொண்டது நம் உறுப்பினர்களுக்குப் பயன்படலாம்.

நம் ஊரில் வீட்டு புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார், இரண்டு பக்கமும் பேசுவார். அங்கே ஏஜெண்டுக்குக் கூலி கொடுப்பவர் விற்பவர் மட்டுமே. ஆகவே அவர் விற்பவரின் ஆள். சிரித்துப் பேசுகிறாரே என்று நம் கையிருப்பு எவ்வளவு என்பதை அவரிடம் சொல்லிவிடக்கூடாது. முதல் நாளே நான் சொல்லிவிட்டேன். மகன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

முதலில் பார்த்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. விலை சல்லிசாகத் தெரிந்தது. விசாரித்தால் அது சொந்தமில்லை, குத்தகை. 99 வருடத்தில் 71 வருடம்தான் பாக்கி. குத்தகை குறையக் குறைய அதை நீட்டிக்கும் செலவு ஏறும், கடன் கொடுக்க வங்கியும் தயங்கும். போதாததற்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வேறு. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான். மண்ணோடு சேர்ந்த வீட்டுக்கு ஃப்ரீஹோல்டு என்று பெயர். அதையே தேடுவோம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது வீடு பிடித்திருந்தது. விலை பேசி, விற்பவரும் சம்மதித்தார். நான் நம் வழக்கப்படி அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிடலாம் என்றேன். அப்படி ஒரு வழக்கமே அங்கே இல்லையாம். இங்கிலாந்துச் சட்டப்படி, இரு தரப்பு வக்கீல்களும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் நாள் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். அன்றைக்குத்தான் வழக்கமாக 10 சதவீதம் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து வேறொருவர் கூடுதல் விலை சொல்ல, விற்பவர் அந்தப் பக்கம் போய்விட்டார். வக்கீலுக்கும் வீட்டைச் சோதித்தவருக்கும் கட்டிய பணம் போனது போனதுதான். மண்டியில் வாயால் சொன்ன விலைக்கு ஒரு லோடு மிளகாயை நட்டத்திலும் இறக்கிக் கொடுத்தவன் நான். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்கு 4,06,000 பவுண்டு பேசினோம். மூட்டையில் குத்தூசி விட்டுச் சரக்கைப் பார்ப்பதுபோல, அங்கே வீட்டைச் சோதிக்க சர்வேயர் என்று ஒருவர் இருக்கிறார். கருவியை வைத்துச் சுவரின் ஈரத்தை அளந்தார், ஓட்டைப் பார்த்தார், பக்கம் பக்கமாக அறிக்கை கொடுத்தார். பின்சுவரில் ஈரம் ஏறியிருந்தது. அந்த அறிக்கையைக் காட்டிப் பேசியதில் விலை 4 லட்சத்துக்கு இறங்கியது. அவருக்குக் கொடுத்த கூலி வீண்போகவில்லை. வில்லங்கம் பார்ப்பது, நகராட்சி விவரம், சாக்கடை இணைப்பு எல்லாம் வக்கீல் தலையில்.

இனிதான் முக்கியமான விஷயம். பணம் போடுகிறவன் நான், பத்திரத்தில் என் பெயரும் இருக்கட்டும் என்றேன். வக்கீல் அம்மாள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மகனும் மருமகளும் உலகில் எங்குமே வீடு வைத்திராதவர்கள். அவர்கள் மட்டும் வாங்கினால் முதல் 3 லட்சம் பவுண்டுக்கு முத்திரை வரி இல்லை. மீதி 1 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 5,000 பவுண்டு. எனக்கு மதுரையில் வீடு இருக்கிறது. என் பெயர் சேர்ந்தால் முதல் வீட்டுச் சலுகை போய், சாதாரண வரி 10,000. இன்னொரு வீடு உள்ளவர் என்பதற்காக முழு விலைக்கும் 5 சதவீதம், 20,000. அந்த நாட்டில் வசிக்காதவர் என்பதற்காக 2 சதவீதம், 8,000. ஆக 38,000 பவுண்டு! ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் பாருங்கள். என் பெயர் ஒன்றுக்கு விலை 33,000 பவுண்டு.

இதில் இன்னொன்றும் உண்டு. 2024இல் மாடி வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைக்க இருந்தேன். ஆடி மாதம் என்று தள்ளிப்போட்டு, பிறகு மறந்தும் போனேன். எழுதியிருந்தால் அவனுக்கும் அந்தச் சலுகை கிடைத்திருக்காது. வெளிநாட்டில் வீடு வாங்க இருக்கும் பிள்ளைக்கு இங்கே சொத்து எழுதுமுன் அந்த நாட்டு வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணம் அனுப்பும் முறை: ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை ரிசர்வ் வங்கி விதிப்படி அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கும். நான் அனுப்பியது 60 லட்சம்; பிடித்தது 10 லட்சம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பத்து லட்சம் முடங்கிக் கிடக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்று லண்டன் வக்கீல் துருவித் துருவிக் கேட்டார். குடோன் மனையை விற்ற பத்திரத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கிரயப் பணம் முழுவதும் வங்கி வழியாக வந்திருந்ததால் தப்பித்தேன்.

கடைசியில் ஒரு கடிதம் கேட்டார்கள். "இது நன்கொடை, திருப்பிக் கேட்க மாட்டேன், இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் வங்கி கடன் கொடுக்கும். ஐம்பது ரூபாய் பாக்கிக்கும் சீட்டு எழுதி வாங்கிப் பழகிய கை இது. ஒரு இரவு முழுவதும் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, கீழ் அறை உங்களுக்கும் அத்தைக்கும்தான்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

சாவி கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை என்று வந்தது. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. நேரம் குறிக்க முடியுமா என்றால், விற்பவர் வக்கீலிடம் பணம் போய்ச் சேர்ந்ததும்தான் சாவி என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு மணியிலிருந்து ஏஜெண்ட் கடை வாசலில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்தோம். போன் வந்தபோது மணி பன்னிரண்டே கால்.