வெங்காயம், வைன், இறப்பர்: அமையச் செலவு பற்றிச் சில குறிப்புகள்

எம்மவர் கூடுமிடங்களில் எழுபதுகளின் யாழ்ப்பாணம் பற்றிப் பேச்சு வந்தால் மிளகாயும் வெங்காயமும் கூடவே வரும். சிறிமாவோ இறக்குமதியைத் தடுத்தார், விவசாயி தலை நிமிர்ந்தான், 1977இல் ஜே. ஆர். கதவைத் திறந்துவிட்டார், விவசாயி விழுந்தான். இதுவே அக்கதையின் சுருக்கம். கதை பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மறுபுறத்தில், புலம்பெயர்ந்த நாடுகளில் பல்கலைக்கழகம் போகும் எமது பிள்ளைகள், வர்த்தகம் இரு தரப்புக்கும் நன்மை தரும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்துவிட்டு வந்து, பெரியவர்களின் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதும் பாதிக் கதையே. இரு பாதிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பொருளியலின் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

தோட்டக் கணக்கு

ஊரில் உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவர்களுக்கு 'அமையச் செலவு' என்ற சொல் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடுகின்றவற்றுள் மிகச் சிறந்தது எதுவோ, அதுவே அத்தெரிவின் அமையச் செலவு. கையால் எண்ணிக் கொடுத்த காசு மட்டும் செலவல்ல. கைக்கு வராமற் போனதும் செலவு.

வலிகாமத்தில் ஒருவரிடம் ஓர் ஏக்கர், அதாவது பதினாறு பரப்புச் செம்மண் தோட்டம் இருக்கிறது. முழுவதும் வெங்காயம் வைத்தால் 80 அந்தர், முழுவதும் மிளகாய் வைத்தால் 10 அந்தர் செத்தல் கிடைக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருக்கு ஓர் அந்தர் மிளகாயின் அமையச் செலவு 8 அந்தர் வெங்காயம். சந்தையில் மிளகாய் விலை வெங்காய விலையின் எட்டு மடங்கைத் தாண்டினால் அவர் மிளகாய் வைப்பார், தாண்டாவிட்டால் வெங்காயம் வைப்பார். (உழைப்பும் உரமும் இரண்டுக்கும் சமம் என்று கொண்டால்.) இதற்கு அவர் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை.

ஒரு தோட்டத்தை விட்டு ஒரு பிரதேசத்தை எடுத்தால் கணக்கு சற்று மாறும். எல்லா மண்ணும் ஒன்றல்ல. முதலில் மிளகாய்க்கு மிகப் பொருத்தமான காணிகளை மாற்றுவோம். அங்கு இழக்கும் வெங்காயம் குறைவு. மேலும் மேலும் மிளகாய் வேண்டுமானால் வெங்காயத்துக்கே உகந்த காணிகளையும் மாற்றவேண்டி வரும், இழப்புக் கூடும். அமையச் செலவு இவ்வாறு ஏறிக்கொண்டு போவதனாற்றான், பாடநூலில் உள்ள உற்பத்திச் சாத்திய வளையி நேர்கோடாக இல்லாமல் வெளிப்புறமாக வளைந்திருக்கிறது. வளையியின் மீதுள்ள புள்ளிகள், இருக்கும் வளங்களை முற்றாகப் பயன்படுத்தினால் அடையக்கூடியவை. உள்ளே இருந்தால் ஏதோ வீணாகிறது. வெளியே உள்ளவை இன்றைய நிலையில் எட்டாதவை. புதிய கிணறு, நல்ல விதை, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியன வளையியை வெளியே தள்ளும். போர் அதனை உள்ளே தள்ளும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இதற்குக் கொடிய உதாரணம். எரிபொருளும் உரமும் வராமற் போனதால் வளையி சுருங்கியது. துலா மீண்டும் வந்தது. விளைந்ததைத் தெற்கே அனுப்பவும் வழியற்றதால் வர்த்தகத்தின் பயனும் இல்லாமற் போனது. இவை இரண்டும் வெவ்வேறு இழப்புகள். ஜாம் போத்தல் விளக்கிலும் சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியிலும் எமது மக்களின் கெட்டித்தனம் தெரிந்தது உண்மை. ஆனால் அதனைத் 'தன்னிறைவு' என்று சிலர் போற்றியது தவறு. தெரிவு இருந்து மறுத்தால்தான் அது தன்னிறைவு. தெரிவே இல்லாதவனின் நிலைக்குப் பெயர் முற்றுகை.

அமையச் செலவை அரசுகளும் மறப்பதுண்டு. 2021இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின் நடுவே, இலங்கை அரசு சேதன விவசாயத்தின் பெயரால் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மிச்சம் பிடித்த டொலர் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காகக் கைவிடப்பட்ட நெல்லும், ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தந்துவந்த தேயிலையில் ஏற்படக்கூடிய இழப்பும் கணக்கில் வரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் விளைச்சல் வீழ்ந்து, உரத்தில் மிச்சம் பிடிக்கப் போன நாடு அரிசியை இறக்குமதி செய்தது.

றிக்கார்டோவின் நான்கு எண்கள்

இனி வர்த்தகத்துக்கு வருவோம். டேவிட் றிக்கார்டோ 1817இல் வெளியிட்ட அரசியற் பொருளாதார நூலின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு எண்களைத் தருகிறார். குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பும், குறித்த அளவு வைன் செய்ய 120 பேரின் உழைப்பும் வேண்டும். போர்த்துக்கல்லில் துணிக்கு 90 பேர், வைனுக்கு 80 பேர் போதும்.

போர்த்துக்கல் இரண்டிலும் கெட்டிக்கார நாடு. அப்படியானால் அது இங்கிலாந்திடம் எதையாவது வாங்க வேண்டிய தேவை என்ன? அமையச் செலவைப் பார்த்தால் விடை கிடைக்கும். இங்கிலாந்தில் ஓர் அலகு வைனுக்காகக் கைவிடவேண்டிய துணி 1.2 அலகு. போர்த்துக்கல்லில் அது ஏறத்தாழ 0.89 அலகு. வைன் போர்த்துக்கல்லில் மலிவு. ஆகவே துணி இங்கிலாந்தில் மலிவு. ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டால், இங்கிலாந்து 100 பேரின் உழைப்பைக் கொடுத்து, தானே செய்திருந்தால் 120 பேர் வேண்டியிருந்திருக்கும் வைனைப் பெறுகிறது. போர்த்துக்கல் 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, 90 பேர் வேண்டியிருந்திருக்கும் துணியைப் பெறுகிறது. இரு நாடுகளுக்கும் மிச்சம். இதனையே ஒப்பீட்டு நலன் என்கிறோம். ஒன்றிலும் முதலிடத்தில் இல்லாத நாட்டுக்கும் வர்த்தகத்தில் ஓர் இடம் உண்டு என்பதே இதன் சாரம்.

இக்கணக்கில் பிழை எதுவுமில்லை. இடதுசாரிகளாகிய எம்மிற் பலர் இதனை ஏகாதிபத்தியத்தின் மாயவித்தை என்று தள்ளிவிடுகிறோம். இது சரியல்ல. கணக்கை மறுப்பதில் பயனில்லை. கணக்கு எதைச் சொல்லவில்லை என்று கேட்பதே பயனுள்ளது.

இடைவெளியில் இருக்கும் அரசியல்

முதலாவதாக, விலையை அது சொல்லவில்லை. ஓர் அலகு வைனுக்கு 0.89இலிருந்து 1.2 வரை எந்த அளவு துணி கிடைத்தாலும் இரு தரப்புக்கும் இலாபமே. ஆனால் 0.9 ஆனால் இலாபம் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு, 1.19 ஆனால் பெரும்பாலும் போர்த்துக்கல்லுக்கு. அந்த இடைவெளியில் புள்ளி எங்கே விழும் என்பதைக் கேள்வியின் அளவும் பேரம் பேசும் பலமும் தீர்மானிக்கின்றன. சில வேளைகளில் கடற்படையும் தீர்மானிக்கிறது.

துணியும் வைனும் றிக்கார்டோவின் கற்பனையில் பிறந்த சோடியல்ல. 1703இல் கைச்சாத்தான மெத்துவன் உடன்படிக்கையின்படி போர்த்துக்கல் ஆங்கிலேயரின் கம்பளித் துணிகளை அனுமதித்தது. இங்கிலாந்து போர்த்துக்கீச வைனுக்கு பிரெஞ்சு வைனைவிட மூன்றிலொரு பங்கு குறைவாகத் தீர்வை விதித்தது. போர்த்துக்கல் வாங்கிய துணிக்கு விற்ற வைன் ஈடாகவில்லை. மீதிக்குப் பிரேசிலின் தங்கம் இலண்டனுக்குப் போனது. துணி ஆலைகளை வளர்த்த நாடு தொழிற்புரட்சிக்குப் போனது, திராட்சை வளர்த்த நாடு திராட்சையோடு நின்றது. ஜேர்மானியரான பிரெடெரிக் லிஸ்ட் 1841இல் வெளியான தமது நூலில் இதனைச் சுட்டிக்காட்டியே, இளம் கைத்தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டார். இன்றைய வளையிக்குள் எது மலிவு என்று றிக்கார்டோ கேட்டார். நாளை வளையியை வெளியே தள்ளப்போவது எது என்று லிஸ்ட் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள்.

சிறிய நாடும் பேரம் பேசலாம் என்பதற்கு எமது தீவிலேயே உதாரணம் உண்டு. கொரிய யுத்தக் காலத்தில் அரிசி விலை ஏறி, இறப்பர் விலை சரிந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. 1951இல் ஐ.நா. பொதுச்சபையும் சீனாவுக்கு எதிரான தடையை ஏற்றது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடல்ல. 1952 டிசம்பரில், பொதுவுடைமையை வெறுத்த ஐ.தே.க. அரசாங்கமே ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தைச் சீனாவுடன் செய்துகொண்டது. இறப்பருக்குச் சீனா உலகச் சந்தையைவிடக் கூடிய விலை கொடுத்தது. இறப்பர் மரம் நின்ற மலைச்சரிவுகளில் நெல் விளையாது. வர்த்தகம் செய்வதே புத்தி. ஆனால் யாருடன், என்ன விலைக்கு என்ற தெரிவைக் கைவிடாமல் இருந்ததனாற்றான் புள்ளி எமது பக்கம் விழுந்தது.

யாருடைய இலாபம்?

இரண்டாவதாக, ஒரு நாடு பெறும் இலாபம் அந்நாட்டில் யாரைச் சேரும் என்பதையும் கணக்கு சொல்லவில்லை. இங்கேதான் மிளகாய்க் கதைக்குத் திரும்ப வேண்டும்.

1970–77 காலத்தில் வடக்கின் விவசாயிக்குக் கிடைத்த விலை வானத்திலிருந்து விழுந்ததல்ல. மலிவான இறக்குமதி தடுக்கப்பட்டதால், தீவின் ஒவ்வொரு குடும்பமும் கறிக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அது. கொடுத்தவர்களில் மலையகத் தோட்டத் தொழிலாளியும் ஒருவர். உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, அரிசி, மாப் பங்கீடு குறைக்கப்பட்டு, 1973–74இல் அம்மக்களிடையே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பட்டினிக்கு மிளகாய் காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் விசுவமடுவின் மிளகாய்ச் செழிப்பை நினைவுகூரும் நாம், அதே ஆண்டுகளில் மலையகம் எப்படி இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. எமது பொற்காலத்துக்கும் ஓர் அமையச் செலவு இருந்தது. அதன் ஒரு பங்கைத் தமிழ் பேசும் வேறொரு மக்கள் கூட்டமும் கொடுத்தது.

1977இன் பின் நிலைமை தலைகீழாயிற்று. பண்டங்கள் வந்தன, வாங்குவோர் பயனடைந்தனர். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டு, ஆடைத் தொழிலில் இலங்கை தனது ஒப்பீட்டு நலனைத் தேடிக்கொண்டது. நாடு என்ற அளவில் இலாபம். ஆனால் வெங்காய விலை விழுந்த விவசாயி மறுநாட் காலை கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரமுடியாது. நட்டம் வடக்கில், புதிய வேலை கொழும்பைச் சுற்றி. இலாபமடைந்தவர்கள் நட்டமடைந்தவர்களுக்கு ஈடுகொடுத்தாலும் மீதி இருக்கும் என்பது பொருளியலாளரின் பதில். ஈடுகொடுக்கலாம் என்பது வேறு, கொடுத்தார்கள் என்பது வேறு. ஏற்கனவே தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் மறிக்கப்பட்ட இளைஞர்களுக்குத் தோட்டக் கதவும் இப்போது சாத்தப்பட்டது. இதன் அரசியல் விளைவை இங்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நகராத மனிதர்கள்

மூன்றாவதாக, றிக்கார்டோவின் கணக்குக்கு அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது. பண்டங்கள் எல்லை தாண்டும். மூலதனமும் மனிதரும் தாண்டுவதில்லை. பிறந்த நாட்டையும் சுற்றத்தையும் விட்டு வேற்று அரசின்கீழ் போய் வாழ மனிதருக்கு இயல்பாகவே விருப்பமில்லை என்று அவர் அதே அத்தியாயத்தில் எழுதுகிறார். அவ்வுணர்வு தளர்வதைத் தாம் விரும்பவில்லை என்றும் சொல்கிறார். இதை எழுதியவரின் குடும்பம் போர்த்துக்கீச யூத வழிவந்தது. யூதர்களை வெளியேறுமாறு போர்த்துக்கல் மன்னன் 1496இல் கட்டளையிட்டான். றிக்கார்டோவின் தந்தை அம்ஸ்ரர்டாமிலிருந்து இலண்டனுக்கு வந்தவர்.

எமக்கு இந்த எடுகோள் வெறும் எடுகோள் அல்ல. வெங்காயம் அனுப்பிய வீடுகள் பிற்காலத்தில் பிள்ளைகளை அனுப்பின; வெங்காயக் காசுக்குப் பதிலாக உண்டியற் காசு வந்தது. இங்கு வந்து சேர்ந்த வைத்தியரும் ஆசிரியரும் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியது அவர்களுடைய ஒப்பீட்டு நலன் அதுவென்பதால் அல்ல. சட்டமும் அங்கீகரிக்கப்படாத சான்றிதழும் அவர்களை அங்கே நிறுத்தின. இலங்கைத் தேயிலையின் ஒப்பீட்டு நலனையும் மழையும் மலைச்சரிவும் மட்டும் தந்துவிடவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1948இல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவர்களின் குறைந்த கூலியும் சேர்ந்தே தந்தது.

இன்று வடக்கில் முதலிடுவது பற்றியும், உள்ளூர் விவசாயத்தைக் காப்பது பற்றியும் எம்மிடையே விவாதம் நடக்கிறது. 'எல்லாவற்றையும் நாமே செய்வோம்' என்பவர்களிடம், அதற்காக எதைக் கைவிடப்போகிறோம், அதை யார் கொடுப்பார் என்று கேட்போம். 'சந்தையைத் திறந்துவிடுங்கள்' என்பவர்களிடம், இடைவெளியில் புள்ளியை யார் வைக்கிறார்கள், விழுகிறவருக்கு ஈடு யார் கொடுப்பார், எப்போது கொடுப்பார் என்று கேட்போம். இக்கேள்விகளுக்கு எண்களோடு பதில் சொல்பவருடன், அவர் எந்த முகாமைச் சேர்ந்தவராயினும், விவாதத்தைத் தொடரலாம்.