சாம்பல் காத்த காண்டாமிருகங்கள்

‘கண்டது கற்கப் பண்டிதனாவான்’ என்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் கண்டு கற்ற ஒன்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அமெரிக்காவில் வாழும் எங்கள் சித்தப்பா, தங்கையையும் என்னையும் வீட்டு வண்டியில் அழைத்துச் சென்றார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே உண்டு. வழியில் ஒரு கடையில், கல்லாய்ப் போன சிப்பி ஒன்றைத் தங்கை ஆசையோடு வாங்கினாள்.

மறுநாள் நெப்ராஸ்கா மாநிலத்தில், ராயல் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஆஷ்ஃபால் என்ற இடத்தை அடைந்தோம். ‘சாம்பல் பொழிவு’ என்பது அப்பெயரின் பொருள். 1971ஆம் ஆண்டில் மைக் வூர்ஹீஸ் என்ற ஆய்வாளர், மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் மழைநீர் அரித்த ஓடையில் ஒரு காண்டாமிருகக் கன்றின் மண்டையோட்டைக் கண்டார். 1978, 1979ஆம் ஆண்டுகளில் அங்கே தோண்டியபோது, முழு எலும்புக்கூடுகள் வரிசையாக வெளிப்பட்டன. 1991 முதல் மக்கள் பார்வைக்கு அவ்விடம் திறந்துவிடப்பட்டுள்ளது.

பெரிய கொட்டகைக்குள் நடைபாதையில் நின்று கீழே பார்த்தோம். காண்டாமிருகங்கள் உறங்குவதுபோல் கிடந்தன. சிலவற்றின் அருகில் கன்றுகளும் இருந்தன. குதிரைகளும் ஒட்டகங்களும்கூட அங்கே கிடைத்துள்ளன. “அமெரிக்காவில் ஒட்டகமா, அக்கா?” என்று தங்கை வியந்தாள். குதிரை, ஒட்டகம் ஆகிய இரண்டின் முன்னோர்களும் தோன்றியது வட அமெரிக்காவில்தான் என்று சித்தப்பா விளக்கினார்.

இவை எப்படி மடிந்தன? சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஐடஹோ மாநிலப் பகுதியில் ஒரு மாபெரும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் காற்றில் சுமார் 1,600 கிலோமீட்டர் பறந்து வந்து, இங்கிருந்த புல்வெளியை மூடியது. எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. நுண்ணிய கண்ணாடித் துகள்களால் ஆனது. புல்லை மேய்ந்த விலங்குகள் அதையும் சேர்த்தே சுவாசித்தன. நுரையீரல் கெட்டு, நீர்நிலையைத் தேடி வந்து, அங்கேயே விழுந்தன. காற்று மேலும் சாம்பலைக் கொண்டுவந்து அவற்றை மூடிக் காத்தது.

இதை எப்படி அறிந்தார்கள்? எலும்புகள் கிடந்த அடுக்கே சான்று. அடியில் பறவைகளும் ஆமைகளும், அதற்கு மேல் குதிரைகளும் ஒட்டகங்களும், எல்லாவற்றுக்கும் மேலே காண்டாமிருகங்களும் கிடந்தன. சிறிய உயிர்கள் முதலிலும், பெரியவை சில வாரங்கள் தவித்துப் பின்னரும் இறந்தன என்பதை இந்த அடுக்கு காட்டுகிறது. சில எலும்புகளின் மேல் காணும் இயல்பற்ற வளர்ச்சி, நுரையீரல் நோயின் அடையாளம். சிலவற்றின் வாயில், கடைசியாகத் தின்ற புல்லின் விதைகள்கூட இருந்தன!

இதனால்தான் பல எலும்புக்கூடுகளை எடுத்துச் செல்லாமல், விழுந்த இடத்திலேயே விட்டு, மேலே கொட்டகை அமைத்திருக்கிறார்கள். முன்யோசனையின்றி வாரி எடுத்திருந்தால் எலும்புகள் கிடைத்திருக்கும். அவற்றின் வரலாறு கிடைத்திருக்காது.

திரும்பும் வழியில் தங்கை தன் சிப்பியைக் கையில் வைத்துப் பார்த்தாள். “இது எங்கே கிடந்தது, அக்கா?” என்றாள். எங்களுக்குத் தெரியவில்லை. அதில் விலைச்சீட்டு மட்டுமே ஒட்டியிருந்தது.

தோழியரே, ஓடையிலோ வயலிலோ பழம்பொருள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் எடுத்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கிடக்கும் இடமும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.