வெளியில் போடும் பலகை: இணைப்பில்தான் ஆயுள்

கடை வாசலில் பெஞ்சு, பெயர்ப்பலகை, மூட்டை இறக்கி வைக்கும் மேடை என வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரச் சாமான்கள் நம் வணிகர்கள் பலரிடம் உண்டு. மருந்தேற்றிய பலகை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மழைநீர் தங்கும் இடம் இரண்டு பலகைகள் சேரும் இடமே. உளுத்துப்போவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், என்ன மருந்து என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ரப்பர் மரப் பலகைக்கு ஏற்றுவது பெரும்பாலும் போரிக் அமிலமும் போராக்ஸும். பூச்சியைத் தடுக்கும், ஆனால் மழையில் கரைந்து போய்விடும். கடைக்கு உள்ளே அலமாரி செய்ய ஏற்றது, வாசலுக்கு ஆகாது. வெளியில் போட, தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரமே தேவை.

இணைக்கும் முறை

1. மருந்தேற்றிய ஈரம் காயாத பலகையை இணைக்கக் கூடாது. நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள்.

2. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது; அகலவாக்கில் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். ஆகவே பலகைகளை நெருக்கி ஒட்டாமல் சுமார் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். தண்ணீரும் வடிந்துவிடும்.

3. மருந்து பலகையின் மையம்வரை இறங்கியிருக்காது. எனவே அறுத்த முனையிலும் துளையிட்ட இடத்திலும் அதே வகை மருந்தைப் பிரஷ்ஷால் இருமுறை தடவுங்கள். இழைப்புளியால் மேல்பரப்பைச் சீவினால் மருந்தேறிய பகுதியே போய்விடும்.

4. சாதாரண இரும்பு ஆணியைத் தாமிர மருந்து விரைவில் அரித்துவிடும். நன்றாகத் துத்தநாகம் பூசிய திருகாணி அல்லது எவர்சில்வர் திருகாணி போடுங்கள். 1 அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குலத் திருகாணி, அடியில் 2 அங்குலக் கனச் சட்டம் போதும். முதலில் சிறு துளை இட்டால் முனை பிளக்காது.

5. வஜ்ரமும் வெள்ளைப் பசையும் மழைக்குத் தாங்கா. ஒட்டியே ஆக வேண்டுமானால் எபாக்ஸி போன்ற நீர் தாங்கும் பசையைக் காய்ந்த மரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மளிகைக் கடைக்கு ஓர் எச்சரிக்கை

தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை 1933-இல் உருவாக்கியவர் நம் நாட்டவரான சொண்டி காமேசம். உலகமெங்கும் பயன்பட்டது. ஆர்சனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதை ஏற்றுவதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டனர். ஆகவே இம்மருந்து ஏற்றிய பலகை மேடையில் அரிசி, பருப்பு மூட்டைகளை நேரடியாக வைக்க வேண்டாம். காய்கறித் தட்டு, மாவு சலிக்கும் பலகை ஆகியவற்றுக்கும் மருந்தேற்றாத மரமே வேண்டும்.

அறுக்கும்போது முகத்தில் துணி கட்டி, கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். பக்கத்து டீக்கடைக்கு விறகாகவும் கொடுக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.