பனிக்காலத்து மலைவேலையும் கையுறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழனி மலைத்தொடரை நனைத்துக்கொண்டிருந்த வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி பிறந்து வானம் தெளிந்துவிட்டால், பகலெல்லாம் வெயிலில் சேர்த்துவைத்த உஷ்ணத்தைப் பூமி இரவில் மேகத்தின் தடையின்றி ஆகாயத்துக்கு இழந்துவிட, கனத்துப்போன குளிர்காற்று சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. 1863ஆம் ஆண்டில் உண்டாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியைச் சுற்றிலும், மன்னவனூர், பூம்பாறை முதலிய மேல்மலைக் கிராமங்களின் தாழ்ந்த தோட்டங்களிலும், விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும் உறைபனி இவ்விதம் உண்டாவதுதான். உல்லாச யாத்திரை வந்தவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. கேரட் பிடுங்கவும், உருளைக்கிழங்கு தோண்டவும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டுக்குக் களையெடுக்கவும் அதே வேளையில் தோட்டத்தில் இறங்குகிற ஜனங்களுக்கோ, விரல் மரத்துப்போகும் நேரம்.

குளிர் தாக்கும்போது, இருதயமும் நுரையீரலும் இருக்கும் நடுவுடலின் உஷ்ணத்தைக் காப்பதற்காகக் கைவிரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. ஸ்பரிச உணர்ச்சி மந்தமாகிறது, பிடி தளர்கிறது, அரிவாள் எங்கே பட்டது என்பதே சற்றுப் பொறுத்துத்தான் தெரிகிறது. ஆகையால் கையுறையை அலங்காரப் பொருளாகவோ சுகபோகமாகவோ கருதுவது சரியன்று. மண்வெட்டியையும் கூடையையும் கொடுக்கிற தோட்டக்காரர், பனிக்காலத்தில் கையுறையையும் அவற்றோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கையுறை தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. கையிலிருந்து வெளியேறும் உஷ்ணத்தைத் தன் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றினால் தடுத்து நிறுத்துகிறது. அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும். ஏனெனில் காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தவல்லது. மலைத்தோட்டத்தில் பனி உருகி இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்போது, பருத்திக் கையுறை அரைமணி நேரத்துக்குள் ஈரத்துணியாகி, வெறுங்கையே மேல் என்று தோன்றச் செய்துவிடும். ஆட்டுரோமத்தின் குணம் வேறு. அதன் சுருண்ட இழைகள் நனைந்தபோதும் முற்றிலும் படிந்துவிடாமல் காற்றைத் தாங்குகின்றன. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரப்பசையை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரம் தெரியாமல் இருக்கும் சக்தி அதற்கு உண்டு. மன்னவனூரில் 1965ஆம் ஆண்டு முதல் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இயங்கி, பாரத் மெரினோ ஆடுகளை வளர்த்துவருவது பலரும் அறிந்ததே.

ஆனால் கடைவீதியில் ஸ்வெட்டரோடும் குல்லாவோடும் தொங்குகிற கையுறைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. சந்தேகமிருந்தால் ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டிப் பார்க்கலாம்: ரோமமானால் தலைமுடி கருகும் வாடை வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகிவிடும், செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

கம்பளி கதகதப்பைத் தருமேயன்றி, முள்ளுக்கும் கல்லுக்கும் ஈடுகொடாது. எனவே உள்ளே மெல்லிய கம்பளியும், மேலே அதைக் காக்கும் வேறோர் உறையுமாகத் தனித்தனியே கழற்றக்கூடிய இரண்டைப் போட்டுக்கொள்வதே உத்தமம். விறகு பிளப்பவர்களுக்கும் கம்பிவேலி கட்டுபவர்களுக்கும் மேலுறை தோலாக இருக்கட்டும். வெள்ளாட்டுத்தோல் மெலிந்தும் வலுவாகவும் இருக்கும். தோல் பதனிடுவதில் பெயர்பெற்ற திண்டுக்கல், மலையடிவாரத்துக்குச் சமீபத்திலேயே இருக்கிறது. ஆவாரம்பட்டையால் பதனிட்டது நனைந்து உலர்ந்தால் விறைத்துப்போகும். குரோமிய உப்பினால் பதனிட்டது அவ்வளவாக விறைப்பதில்லை. ஈரமண்ணிலேயே கைவைத்திருக்கும் கேரட் அறுவடைக்கு, உள்ளங்கையில் ரப்பர் பூசிய பின்னல் உறை போதும்.

இறுகப் பிடிக்கும் உறை ரத்த ஓட்டத்தையும் தடுத்து, உள்ளிருக்கும் காற்றையும் பிழிந்துவிடும். விரல்நுனிக்கு அப்பால் சிறிது இடம் வேண்டும். மணிக்கட்டில் ரத்தக்குழாய்கள் தோலுக்கு வெகு அருகில் ஓடுவதால், உறையின் விளிம்பு ஸ்வெட்டர் கைக்குள் புகுமளவு நீண்டிருக்கவேண்டும். நனைந்ததை அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும். வெந்நீரில் அலசினால் கம்பளி சுருங்கும். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். உலரும்வரை அணிய இன்னொரு ஜதை வேண்டும்.

இந்தக் கையுறைகளோடு மருந்து தெளிக்கப் போகவே கூடாது. கம்பளியும் தோலும் பூச்சிமருந்தை உறிஞ்சி, நாட்கணக்கில் சருமத்தோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். அந்த வேலைக்கு நைட்ரைல் ரப்பரால் ஆன நீண்ட உறையைத் தனியே வைத்திருந்து, கழற்றுவதற்கு முன்பே அதன் வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவிவிடவேண்டும்.