ஹிப்ஹொப் என்னும் தெருக்கலையும் நம் மாணவரும்

தோற்றுவாய்

கலை என்றதும் அரங்கையும் ஆலயத்தையும் நினைப்பது நம் வழக்கம். ஆயின், ஏற்றம் இறைத்த கேணியடியிலும், நாற்று நட்ட வயலிலும், கொழுந்து பறித்த மலைச்சாரலிலும் பிறந்த பாட்டுகள் நம்மிடம் எண்ணில. தொல்காப்பியரே செய்யுளியலிற் பண்ணத்தி என ஒன்றை வகுத்துக் கூறினார். பொதுமக்கள் வாயில் வழங்கிய இசைப்பாட்டுகளே அவை என்பது அறிஞர் கருத்து. ஆகவே, தெருவிற் பிறந்தது என்னும் காரணம்பற்றி ஒரு கலையைத் தள்ளுதல் தமிழ் மரபு அன்று.

இக்காலத்து மாணாக்கரைப் பெரிதுங் கவர்ந்துள்ள தெருக்கலை ஹிப்ஹொப் ஆகும். இடைவேளை மணி அடித்ததும் ஒருவன் மேசையைத் தட்ட, மற்றொருவன் அத்தாளத்திற்கு இயைய விரைந்து பாடுதலை எம் வகுப்பறைகளில் நாடோறும் காண்கிறோம். "இஃதென்ன கூச்சல்?" எனப் பெற்றோர் சிலர் எம்மை வினவுகின்றனர். பிள்ளை கெட்டுவிடுவானோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். அன்னார்க்கும், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும், இக்கலை யாது, எங்ஙனம் தோன்றிற்று, தமிழுக்கு எவ்வாறு வந்தது, மஹய்யாவ போன்றதோர் இடத்தில் வளரும் மாணவன் இதனால் அடையத்தக்க பயன் யாது என்பனவற்றைச் சுருங்கக் கூறுவதே எம் நோக்கம்.

பிறந்த இடம்

அமெரிக்காவின் நியூயோர்க் நகரின் வடபாலுள்ளது புரொங்ஸ் என்னும் பகுதி. இரண்டாம் உலகப்போரின் பின் அதனை ஊடறுத்துப் பெருஞ்சாலை ஒன்று அமைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வசதி படைத்தோர் அகன்றனர். எஞ்சியோருட் பெரும்பாலார் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோத் தீவினருமாவர். 1970களில் அங்கே வீடுகள் வரிசை வரிசையாகத் தீக்கிரையாயின. இளைஞர் பல குழுக்களாகப் பிரிந்து தெருத்தெருவாகப் பொருதனர். 1971 இல், சமாதானஞ் செய்யச் சென்ற இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி வாங்கும் வழக்கத்தை அவருடைய தோழர்கள் கைவிட்டு, எல்லாக் குழுவினரையும் கூட்டி உடன்படிக்கை செய்தனர். ஒரு தெருவார் மற்றத் தெருவிற் கால்வைக்கும் துணிவு அதன்பின் சிறிது சிறிதாக உண்டாயிற்று.

1973 ஒகஸ்ட் 11 ஆம் நாள், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கத் தொடர்மாடியில் ஒரு சிறு விருந்து நிகழ்ந்தது. சின்டி கம்பெல் என்னும் மாணவி, பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பொருள் வேண்டி, கட்டடத்தின் பொது அறையில் அதனை ஒழுங்குசெய்தாள். பெண்களுக்கு 25 சதமும் ஆண்களுக்கு 50 சதமும் கட்டணம். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவளுடைய தமையனாராகிய கிளைவ் கம்பெல். ஜமெய்க்காவிற் பிறந்து 1967 இல் நியூயோர்க் வந்த அவருக்கு அப்போது 18 வயது. 'கூல் ஹேர்க்' என்பது அவர் பூண்ட பெயர்.

பாட்டின் நடுவே குரல் ஒழிந்து முழவு மாத்திரம் ஒலிக்கும் சிறு பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவர் கூர்ந்து நோக்கினார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனையே தொடங்கி, சில விநாடிகளே ஒலிக்கும் முழவை அவர் நீட்டித்தார். வாத்தியம் வாங்கப் பொருளில்லாதார்க்குப் பழைய இசைத்தட்டே வாத்தியம் ஆயிற்று. ஹிப்ஹொப் இங்ஙனம் பிறந்தது.

பார்படோஸ் தீவிற் பிறந்த ஜோசப் சாட்லர் என்பார் தொழிற் பாடசாலையில் மின்னியல் பயின்றவர். பிறர் எறிந்த கருவிகளைத் திருத்திப் பொருத்தியும், இசைத்தட்டின் மீது வண்ணக்கட்டியால் அடையாளமிட்டுச் சுற்றுகளை எண்ணியும், முழவு தொடங்கும் இடத்தைத் தவறாது பிடிக்கும் முறையை அவர் கண்டார். உலகம் இன்று அவரைக் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்' என அறியும். வகுப்பறையிற் கற்ற பாடம் கலையாக மலர்ந்தமைக்கு இஃது ஓர் உதாரணம்.

நான்கு உறுப்புகளும் ஐந்தாவதும்

ராப் என்பதும் ஹிப்ஹொப் என்பதும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். அது பொருந்தாது. இசைத்தட்டு இயக்குதல், தாளத்திற்கியையச் சொல்லாடுதல், நிலத்திற் சுழன்றாடுதல், சுவரில் எழுத்தோவியம் தீட்டுதல் என்னும் நான்கும் சேர்ந்ததே ஹிப்ஹொப். அவற்றுள் இரண்டாவதே ராப். இந்நான்கினோடு அறிவு என்பதனை ஐந்தாம் உறுப்பாகச் சேர்ப்பாரும் உளர். தான் யார், தன் முன்னோர் யார், தன் தெரு ஏன் இவ்வாறு இருக்கிறது என அறிதலே அவர் கூறும் அறிவு.

இக்கலைஞரிடையே எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் சொல்லை மற்றொருவன் திருடிப் பாடுதல் பெரும் இழுக்கு. இருவர் எதிர்நின்று பாடும் போட்டியில், கைகலவாமற் சொல்லாலேயே வெல்லல் வேண்டும். பழைய புலவரின் வாதுகளையும் எசப்பாட்டையும் அறிந்த நமக்கு இது புதிதன்று.

இக்கலை இன்று உலகின் உயர்ந்த அரங்குகளையும் எட்டியுள்ளது. 2018 இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லாமர் இசைக்கான புலிற்சர் பரிசு பெற்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அச்சுழலாட்டம் ஒரு போட்டியாக இடம்பெற்றது. ஆயினும் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. எரிந்த தெருக்களின் நடுவே நின்ற அத்தொடர்மாடியை, ஹிப்ஹொப் பிறந்த இடம் என 2007 இல் நியூயோர்க் மாநில அரசின் பூங்கா, வரலாற்றுப் பேணல் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பிறர் இகழ்ந்த ஒரு முகவரி பெருமைக்குரியதாயிற்று.

தமிழிற் புகுந்த வகை

தமிழில் இக்கலை முதலில் வேரூன்றியது மலேசியாவிலாகும். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பு 2006 இல் வெளிவந்தது. 1980 இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டொன்றை அடியாகக்கொண்டு அவர்கள் ஆக்கிய பாடல் தமிழர் வாழும் நாடெங்கும் பரவிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, ஜீவா இருவரின் 'ஹிப்ஹொப் தமிழன்' 2012 இல் வந்தது. கொழும்பிலே வளர்ந்த ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் 2013 இல் 'கடல்' படத்தில் தம் குரலை ஒலித்தார். இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்திற் பிள்ளைப்பருவத்தைக் கழித்த மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் ஆங்கிலத்திற் பாடினார். 2005 இல் வந்த முதற்றொகுப்புக்குத் தந்தையார் பூண்ட அருளர் என்னும் பெயரையும், 2007 இல் வந்த அடுத்ததற்குத் தாயார் பெயராகிய கலா என்பதையும் அவர் இட்டார்.

நம் மலையகத்தோடு நேரே தொடர்புடையவர் அறிவு என்னும் கவிஞர். அரக்கோணத்தைச் சேர்ந்த இவருடைய பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் இந்தியா திரும்பியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்ததை யாவரும் அறிவர். பிரிந்து சென்ற அம்மக்களின் நினைவுகளிலிருந்தே 2021 இல் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடல் உருப்பெற்றது. பாட்டியிடம் கேட்டதைப் பேரன் பாடினான், உலகம் கேட்டது.

மலையகத்திற்கும் இம்முறை அந்நியமன்று. விடியலிற் பிரட்டுக் களத்திற்கு மக்களை அழைத்த தப்பே, காமன் கூத்திலும் முழங்கிற்று. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களிற் பாடி உணர்வூட்டினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்தளித்தார். தம் வாழ்வைத் தம் வாயாற் பாடிய இம்மரபில் இன்றைய மாணவனும் ஒரு கண்ணியாதல் கூடும்.

யாப்பும் தாளமும்

தமிழாசிரியர் என்னும் முறையில் ஈண்டுச் சில கூறுதல் எம் கடன். ராப் பாட்டின் ஓர் அடி பெரும்பாலும் நான்கு தட்டுகளைக் கொண்டது. பதினாறு அடிகள் சேர்ந்து ஒரு பத்தியாதல் பெருவழக்கு. ஆங்கிலத்தார் சொல்லின் அழுத்தத்தைத் தட்டின்மேல் வைப்பர். தமிழில் அழுத்தத்தினும் குறில் நெடில் அளவே முதன்மை பெறுதலின், தட்டில் நெடிலோ ஒற்றடுத்த குறிலோ விழுமாறு அமைத்தல் செவிக்கு இனிது.

தொடை விடயத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் வினைமுற்று வாக்கிய இறுதியில் நிற்பதால், வந்தேன், நின்றேன், சென்றேன் என இறுதி ஓசை தானே ஒத்துவிடும். புதிதாக எழுதுவோன் அதனைக் கண்டு தான் கவிஞனாகிவிட்டதாக மகிழ்வான். அவ்வியைபு அவன் உழைப்பன்று. இலக்கணம் தந்த இனாம். உழைப்பு எதுகையிலும் மோனையிலும் முரணிலும் தெரியும். யாப்பிலக்கணப் பாடத்தின்போது உறங்கிய மாணவர் சிலர், இதனைச் சொல்லியபின் எதுகை பற்றித் தாமே வந்து வினவினர்.

ஒரு மாணவனின் ஏடு

எம் மாணவன் ஒருவன் தன் பாட்டேட்டை எம்மிடம் காட்டினான். அவன் மஹய்யாவையைச் சேர்ந்தவன். கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் பணிக்கெனப் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவந்த மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே நெருங்கிய குடியிருப்புகளில் வாழ்கின்றனர் என்பதைக் கண்டியார் அறிவர். விண்ணப்பத்தில் அவ்வூர்ப் பெயரை எழுதினால் வேலை கிடையாதென அஞ்சி, உறவினர் முகவரியை எழுதுவோர் அங்குண்டு. இம்மாணவனும் தன் ஏட்டின் முகப்பிற் 'கண்டி' என்று மட்டுமே எழுதியிருந்தான்.

அவனுடைய முதற் பாடல்களிற் பனி பெய்தது, துப்பாக்கி வெடித்தது, விலையுயர்ந்த கார் ஓடிற்று. "இவற்றுள் நீ கண்டது எது?" என்று வினவினோம். விடை கூறாது சென்றான். சில கிழமைகள் கழித்துக் கொணர்ந்த ஏட்டில் அவனுடைய பாட்டியார் இருந்தார். இருள் பிரியாப் பொழுதில் அவர் ஏந்திச் சென்ற விளக்குமாறும் இருந்தது. அவ்வேட்டின் இரண்டடிகளை அவன் இசைவுடன் ஈண்டுத் தருகின்றோம்:

விடியுமுன் எழுந்தவர் வீதியைக் கூட்டினார்;
விடிந்தபின் எழுந்தவர் மூக்கினை மூடினார்.

விடியு, விடிந்த என எதுகை நின்றது. முன், பின் என முரண் நின்றது. அடிதோறும் மோனையும் உண்டு. இலக்கணத்தினும் மேலாக, இதனைப் பிறிதோர் ஊரான் எழுதியிருத்தல் இயலாது. படைப்பாற்றல் என்பது யாதென எம்மை வினவுவார்க்கு இவ்வீரடியையே காட்டுவோம். புரொங்ஸைப் பார்த்து அவ்வாறே பாடியவரை அவன் ஹிப்ஹொப்பின் உடையை மட்டுமே அணிந்திருந்தான்; தன் தெருவைப் பாடியபோதே அக்கலையின் உள்ளத்தை அறிந்தான்.

அவனிடம் வேறு மாற்றங்களும் கண்டோம். ஈரடிக்காகப் பத்துமுறை எழுதி அழிக்கக் கற்றான். தோழர் நகைத்தபோது சினவாது, மறுநாள் திருந்திய அடியோடு வந்தான். பாட்டியாரிடம் பழங்கதை கேட்கும் பொருட்டு மாலையில் வீட்டிலிருக்கத் தொடங்கினான். ஆளுமை வளர்ச்சி எனப் பெரும்பெயரிட்டு அழைக்கப்படுவது இவ்வளவே எனலாம்.

விலக்கத்தக்கன

இக்கலையிற் குறையில்லை என்று யாம் கூறோம். பெண்களை இழித்துரைத்தல், போதைப்பொருளைப் புகழ்தல், வன்முறையை வீரமெனக் காட்டல், பொன்னும் பொருளுமே வாழ்வெனப் பிதற்றல் ஆகியவை வணிக நோக்கில் வெளிவரும் பாடல்கள் பலவற்றில் மலிந்துள்ளன. பிறர் சுவரில் இசைவின்றி எழுதுதல் சட்டப்படி குற்றம். இவற்றை மாணவர்க்கு மறைத்தலினும், பாட்டை முன்வைத்து இது நன்று, இது தீது என அவரையே ஆராயச் செய்தல் தக்கது. சினிமாப் பாட்டிலும் நாடகத்திலும் நாம் செய்துவரும் ஆராய்ச்சிதானே இது!

முடிவுரை

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கிழமைக்கு ஒரு மாலை, ஓர் அறை, ஓர் ஒலிபெருக்கி, எழுத ஏடுகள், கேட்டுத் திருத்த ஓர் ஆசிரியர் ஆகிய இவையே இம்மாணவர்க்கு வேண்டுவன. விழாக்களிற் பட்டிமன்றத்திற்கும் கவியரங்கிற்கும் அளிக்கும் நேரத்திற் கால்மணியை அவர்களுக்கும் அளித்தல் வேண்டும். பெருஞ்செலவு ஒன்றுமில்லை. முன்வரிசையில் அமர்ந்து கேட்போர் வேண்டும், அவ்வளவே.

அம்மாணவனுடைய புதிய ஏட்டின் முகப்பில் அவனுடைய பெயரும், வீட்டிலக்கமும், அவற்றின் கீழே மஹய்யாவ என்னும் ஊர்ப்பெயரும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்வேட்டுக்கு யாம் இட்ட புள்ளிகளினும் அம்முகவரியே எமக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.