பிரெஞ்சு தெரியும் என்று எழுதினால் போதுமா?

ஒன்டாரியோவில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களுக்கான கெடு வழக்கமாக அக்டோபர் 1-ஐ ஒட்டி முடிகிறது. அந்த நாள் நெருங்க நெருங்கப் பெற்றோரின் கடிதங்களும் கூடுகின்றன. பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன. பிள்ளை பள்ளியில் பிரெஞ்சு வழியில் கற்பிக்கும் இமர்ஷன் வகுப்பில் படித்திருக்கிறாள், வடக்கு ஒன்டாரியோ மருத்துவப் பல்கலைக்கழகம் பிரெஞ்சு பேசுவோருக்கு முன்னுரிமை தருகிறதாம், இடம் கிடைக்குமா?

முன்னுரிமை உண்மைதான். 2005-ல் 56 மாணவர்களோடு தொடங்கியபோதே, வடக்கில் வாழும் மக்களைப் போலத்தான் வகுப்பும் இருக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி தனக்கு விதித்துக்கொண்டது. வடக்கில் வளர்ந்தவர்கள், சிற்றூர்க்காரர்கள், பூர்வகுடியினர், பிரெஞ்சு மொழியினர் ஆகியோரைத்தான் அது தேடுகிறது. ஸ்கார்பரோவில் வாங்கிய இமர்ஷன் சான்றிதழை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். சேர்க்கை விதிகளை இதற்கு மேல் விரிக்கப் போவதில்லை. கடிதங்களில் யாரும் கேட்காத வேறொன்று என்னை உறுத்துகிறது. ‘பிரெஞ்சு பேசும் மருத்துவர்கள் இத்தனை பேர்’ என்று கணக்குச் சொல்லும்போது உண்மையில் எதை எண்ணுகிறார்கள்?

மருத்துவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை எண்ணுகிறார்கள். எந்தெந்த மொழிகளில் உங்களால் சிகிச்சை தர முடியும் என்று மாகாணத்தின் மருத்துவர் பதிவு அமைப்பு கேட்கிறது. அவர் சொல்லும் மொழி பதிவில் ஏறுகிறது. அந்த மொழியில் அவர் கடைசியாக ஒரு நோயாளியிடம் எப்போது பேசினார் என்பது ஏறுவதில்லை. வடக்கு ஒன்டாரியோவின் சட்பரி நகர ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. மொத்தத் தொகை நம்பிக்கை தந்தது. ஊர்களைப் பார்த்ததும் அது கலைந்தது. பிரெஞ்சு மக்கள் அடர்ந்து வாழும் இடங்களில்தான் அவர்களின் தொகைக்கு ஏற்ற அளவில் பிரெஞ்சு பேசும் மருத்துவர்கள் இல்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, இருக்கிற மருத்துவரிடமும் அந்த மொழி வெளியே வராமல் போகும் விதம். பிரெஞ்சு பேசும் முதியவர் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார் என்று வையுங்கள். ஆயுள் முழுக்க ஆங்கிலத்துக்கு நடுவே சிறுபான்மையாக வாழ்ந்தவர். பிரெஞ்சில் பேசலாமா என்று கேட்டால் காத்திருக்கச் சொல்வார்களோ, தொல்லை தருகிறார் என்று நினைப்பார்களோ என்று தயங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் வலியைச் சொல்கிறார். எதிரே இருக்கும் மருத்துவருக்கும் பிரெஞ்சு தெரியும். நோயாளி ஆங்கிலத்தில் தொடங்கியதால் அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறார். பிரெஞ்சு தெரிந்த இருவர் அரைகுறை ஆங்கிலத்தில் நெஞ்சுவலியைப் பேசி முடிக்கிறார்கள். பதிவேட்டில் அந்த மருத்துவர் பிரெஞ்சு பேசுபவராகவே இருக்கிறார்.

இந்த மௌனத்தை உடைக்கத்தான் ‘ஆக்டிவ் ஆஃபர்’ என்ற நடைமுறை வந்தது. நோயாளி கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரோ தாதியோ முதல் வணக்கத்தையே இரு மொழியிலும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் பேசலாம் என்பதை அவர்கள்தான் தெரிவிக்க வேண்டும். கேட்கும் பாரம் நோயாளியின் தலையில் விழக்கூடாது. கனடா முழுவதும் பிரெஞ்சில் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகள் இதைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. ஒன்டாரியோவின் பிரெஞ்சு சேவைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தால் அறிவிப்புப் பலகையைத்தான் மாட்ட முடியும். மருத்துவரின் வாயிலிருந்து முதல் சொல் பிரெஞ்சில் வருவது பழக்கத்தால் மட்டுமே நடக்கும்.

அந்தச் சொல்லுக்கு உயிரின் விலை உண்டு. 2022-ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒன்டாரியோவில் வீட்டுப் பராமரிப்பில் இருந்து மருத்துவமனையில் சேர்ந்த 1,89,690 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. தங்கள் மொழியிலேயே மருத்துவர் கிடைத்த பிரெஞ்சு மொழியினர் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. அப்படிக் கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு, 44.4 சதவீதம். ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழியினரில் சொந்த மொழியில் மருத்துவர் கிடைத்தவர்கள் 1.6 சதவீதம்தான். நம் அம்மாக்களும் அப்பாக்களும் அந்தக் கடைசி எண்ணுக்குள் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சமூகத்தின் இந்தப் போராட்டத்தை நாம் அடுத்த வீட்டு விவகாரமாகப் பார்க்க முடியாது.

பழக்கம் எங்கே உண்டாகிறது? என் பார்வையில், வடக்குக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில். மற்றக் கல்லூரிகளில் மாணவர் பெரிய மருத்துவமனையில் சில வாரம் அறுவை சிகிச்சை, சில வாரம் குழந்தை நலம் என்று துறை துறையாக நகர்வார். இங்கே எட்டு மாதம் ஒரே ஊரில் தங்கி, உள்ளூர்க் குடும்ப மருத்துவர்களோடு எல்லாத் துறைகளையும் சேர்த்துப் படிக்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவருக்கும் இதைக் கட்டாயமாக்கிய முதல் மருத்துவக் கல்லூரி இதுதான். பிரெஞ்சு பேசுவோர் நிறைந்த ஹெர்ஸ்ட், கபஸ்கேசிங் போன்ற ஊர்களும் இந்தப் பயிற்சியில் உண்டு. ஹெர்ஸ்டில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தாய்மொழி பிரெஞ்சு.

வகுப்பில் ஆங்கிலத்தில் படித்த நீரிழிவை, மரஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு அவருடைய வட்டாரப் பிரெஞ்சில் விளக்க வேண்டும். புரியவில்லை என்றால் அடுத்த மாதம் அதே ஆள் அதே சர்க்கரை அளவோடு வந்து நிற்பார். கர்ப்ப காலத்தில் பார்த்த பெண்ணைப் பிரசவத்திலும், பிறகு குழந்தையின் தடுப்பூசியிலும் பார்க்க வேண்டும். படிவத்தில் எழுதிய மொழித்திறன் மெய்யா என்பதை இங்கே ஊரே சோதிக்கிறது. மளிகைக் கடையில் சந்தித்துப் பேசிய மருத்துவ மாணவியிடம், மறுநாள் கிளினிக்கில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. இங்கே மருத்துவப் பட்டமும் குடும்ப மருத்துவப் பயிற்சியும் முடித்தவர்களில் பெரும்பாலோர் வடக்கிலேயே தங்குகிறார்கள் என்ற பெருமையை அடிக்கடி கேட்பீர்கள். அது சரிதான். ஆனால் ‘வடக்கு’ என்ற அந்தக் கணக்குக்குள் சட்பரி, தண்டர் பே என்ற இரு நகரங்களும் அடக்கம். ஹெர்ஸ்டில் எத்தனை பேர், பிரெஞ்சில் எத்தனை பேர் என்று தனியே கேளுங்கள்.

மீதிக் கேள்விகள் சுருக்கமாக.

மருத்துவச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு வேண்டுமா? வடக்குக் கல்லூரி கேட்பதில்லை.

முழுப் படிப்பும் பிரெஞ்சிலேயே வேண்டுமென்றால்? ஒட்டாவா பல்கலைக்கழகம், அல்லது ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2006 முதல் மொங்டனில் நடக்கும் மருத்துவப் பயிற்சி மையம்.

தாதிப் படிப்பு? சட்பரியைத் தலைமையிடமாகக் கொண்ட போரியால் கல்லூரி பிரெஞ்சில் நடத்துகிறது.

மாகாண அரசின் ‘லேர்ன் அண்ட் ஸ்டே’ உதவித்தொகை? படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆறு மாதம், படித்த பகுதியிலேயே வேலை செய்ய வேண்டும். எந்த மொழியில் என்று அது கேட்பதில்லை.

மருத்துவச்சிப் படிப்பு? சட்பரியின் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் இரு மொழியிலும் நடத்திவந்தது. நிதி நெருக்கடியில் 2021 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.